ஆட்டமும் பாட்டும் பிள்ளைகளுக்கு எதற்கு?

(நமது கூட்டமைப்பின் மாதாந்திரப் பிரதிநிதிகள் கூட்டத்தில் முன்னாள் ஊக்குநர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் தந்திருக்கிறோம். – ஆசிரியர் குழு)



பிள்ளைகள் படிப்பைப் பற்றிப் பேசுங்கன்னு சொன்னாங்க. சரின்னு ஒத்துக்கிட்டேன். பாட்டு, ஆட்டம், நாடகம் இதைப் பத்தித்தான் பேசப் போறேன்னு நேத்து சொன்னப்ப, கணக்காளர் தங்கச்சி சிரிச்சிருச்சு. "அக்கா, அவனவன் டியூசன் பீஸ் கட்ட வழியில்லாம இருக்கான், நீங்க ஆட்டம் பாட்டுன்னு ஆரம்பிக்கிறீங்களே"ன்னு கேட்டுச்சு. நியாயமான கேள்விதான். உங்களில் பாதிப் பேர் மனசிலயும் அதுதான் ஓடும். அதனால முதல்ல நம்ம குழுவில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிறகு அந்தக் கேள்விக்கு வருவோம்.

நான் ஊக்குநராக இருந்த காலம். எங்கள் கூட்டம் பிள்ளையார் கோயில் மண்டபத்தில்தான் நடக்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அம்மாக்களோடு பிள்ளைகளும் வந்துவிடும். ஒன்று மடியில், ஒன்று இடுப்பில், மீதியெல்லாம் மண்டபத்தைச் சுற்றி ஓட்டம். சேமிப்பை எண்ணுகிற நேரத்தில் காதே கேட்காது. தீர்மான நோட்டில் கையெழுத்து வாங்குவதற்குள் ரெண்டு பிள்ளை தடுக்கி விழுந்து ஒரு ஒப்பாரி கிளம்பும். எங்கள் உறுப்பினர் ஒருவரின் மகள் அப்போது ஆசிரியர் பயிற்சி படித்துக்கொண்டிருந்தது. "அக்கா, இவங்களை நான் பாத்துக்கிறேன், நீங்க கூட்டத்தை நடத்துங்க"ன்னு பிள்ளைகளைப் புங்க மரத்தடிக்குக் கூட்டிப் போனது. பாட்டு சொல்லிக் கொடுக்கும், கதை சொல்லும், கதையை நடிக்கச் சொல்லும். ஏழெட்டு வாரம் இப்படிப் போனது. எங்களுக்கும் நிம்மதி.

ஒரு வாரம் அந்தப் பொண்ணு வந்து, "பிள்ளைங்க ஒரு நாடகம் போடுறாங்களாம், கூட்டம் முடிஞ்சதும் பாருங்க"ன்னு சொன்னது. என்ன நாடகம்னு கேட்டேன். "அவங்களே யோசிச்சது, எனக்கும் முழுசாத் தெரியாது"ன்னுச்சு.

பதினொரு பிள்ளைங்க. எட்டு வயசுப் பொண்ணு ஒண்ணு தாவணித் துண்டைச் சேலையாகச் சுத்திக்கிட்டு நடுவில் வந்து உட்கார்ந்தது. புங்க இலைதான் பணம். உடைஞ்ச சிலேட்டு தீர்மான நோட்டு. தொண்டையைக் கனைச்சுக்கிட்டு, "மணியாச்சு, மணியாச்சு, சீக்கிரம் சேமிப்பை எடுங்க"ன்னு ஒரு அதட்டல். அப்படியே நான்தான்! எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். நானும் சிரிச்சேன். நான் கனைக்கிறது அந்த அளவுக்கு ஊருக்கே தெரியும்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

அப்புறம் அந்தப் பொண்ணு எழுந்தது. "வாங்கடி, அவ வீட்டுக்குப் போவோம்"னு சொன்னது. எல்லாப் பிள்ளைகளும் எழுந்து ஒரு தூணைச் சுற்றி நின்றார்கள். தூணுக்குப் பின்னால் இரண்டு பிள்ளைகள் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். தூண்தான் கதவு. "வெளிய வாடி. ஒளிஞ்சுக்கிட்டா விட்டுருவமா? உன் புருசன் குடிக்கக் காசு இருக்கு, கட்டுறதுக்குக் காசு இல்லையா?" ஒரு பிள்ளை தூணைத் தட்டுது. இன்னொண்ணு காறித் துப்புற மாதிரி செய்யுது. உள்ளேயிருந்து ஒரு சின்னக் குரல்: "அம்மா இல்ல. அம்மா வேலைக்குப் போயிருக்கு." வெளியிலிருந்து, "பொய் சொல்லாதடி, செருப்பு இங்க கிடக்கு."

சிரிப்பு எப்போது நின்றது என்று எனக்கு நினைவில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் நாங்கள் ஒரு உறுப்பினர் வீட்டு வாசலில் போய் நின்றோம். மூணு தவணை நிலுவை. பிள்ளைகள் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் அன்று நாங்கள் பேசியது. செருப்பைப் பார்த்துச் சொன்னது நான். "அம்மா இல்ல"ன்னு சொன்ன அந்தச் சின்னக் குரல், நிஜமாகவே அந்த வீட்டுப் பிள்ளை. அந்தப் பிள்ளையின் அம்மா கடைசி வரிசையில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

யாரும் சொல்லிக் கொடுத்து அந்தப் பிள்ளைகள் அதைச் செய்யவில்லை. நம்மைக் குற்றம் சொல்லணும்னும் செய்யவில்லை. பார்த்ததைச் செய்தார்கள். அவ்வளவுதான். அன்றைக்குப் பேசிப் பேசி இருட்டிவிட்டது. நிலுவை வைத்தவர் வீட்டுக்குக் கும்பலாகப் போவதில்லை, பிள்ளைகள் முன்னால் கடன் பேச்சு எடுப்பதில்லை, தவணையைப் பிரித்துக் கொடுப்பது என்று தீர்மானம் போட்டோம். மீதிக் கடனைப் பத்து மாதமாகப் பிரித்தோம். அவர் கட்டி முடித்தார். அதற்கு முன் எத்தனை பயிற்சிக்குப் போயிருப்பேன்! கடன் வசூல், குழு ஒற்றுமை என்று எத்தனை சார்ட் ஒட்டிப் பாடம் நடத்தியிருப்பார்கள்! எதுவும் உறைக்கவில்லை. ஒரு தூணும் நாலு புங்க இலையும் உறைக்க வைத்தது.

இப்ப யோசிச்சுப் பாருங்க. அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு உட்கார வைச்சு, "ஏம்மா, நாங்க வந்து சத்தம் போட்டப்ப உனக்கு எப்படி இருந்துச்சு?"ன்னு கேட்டிருந்தால் என்ன சொல்லியிருக்கும்? "ஒண்ணுமில்ல"ன்னு தலையைக் குனிஞ்சிருக்கும். பிள்ளைகளுக்கு நடந்ததை வார்த்தையாகக் கோத்துச் சொல்ல வராது. சொன்னால் அடி விழுமோ என்ற பயம் வேறு. நடிக்கும்போது "அது நான் இல்லை, நாடகத்தில் வருகிற பிள்ளை" என்று ஒரு மறைப்பு கிடைக்கிறது. அந்த மறைப்புக்குள் நின்றுகொண்டு உண்மையைச் சொல்லிவிடும். பொம்மையை வைத்து விளையாடும்போது நீங்களே பார்த்திருப்பீர்கள். நீங்கள் திட்டுகிற மாதிரியே பொம்மையைத் திட்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளை விளையாட்டிலோ நாடகத்திலோ நமக்குத் திக்கென்று இருக்கிற மாதிரி ஏதாவது செய்தால், பெரியவர்கள் யாரோ தப்பாக நடந்துகொண்டதைக் காட்டுகிற மாதிரி இருந்தால், உடனே கத்தாதீர்கள். நாலு பேர் முன்னால் "யாருடி சொன்னா, எங்க பாத்த?" என்று பிடித்து உலுக்காதீர்கள். தனியாக, பக்கத்தில் உட்கார்ந்து, அதுவாகப் பேசட்டும் என்று கேளுங்கள். உதவி வேண்டுமானால் 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம், காசு கிடையாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. ஊர் மானம், குடும்ப மானம் என்று மூடி வைக்கிற காலம் போகட்டும். அதே மாதிரி, ஊர்ச் சங்கதி தெரிஞ்சுக்கிறதுக்காகப் பிள்ளைகளை நடிக்க வைத்து உளவு பார்க்கிற வேலையும் வேண்டாம். அப்படிச் செய்தால் அதுங்க அப்புறம் வாயே திறக்காது.

நாடகம் பேச வைக்கும் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு என் சொந்தக் கதையும் ஒரு காரணம். 1991ல் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தது, மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். கலெக்டராக ஷீலா ராணி சுங்கத் அம்மா இருந்தார்கள். எழுத்து சொல்லிக் கொடுத்தார்கள், கூடவே பெண்களுக்கு சைக்கிள் ஓட்டவும் சொல்லிக் கொடுத்தார்கள். கல் உடைக்கிற பெண்கள், நடவுக்குப் போகிற பெண்கள் எல்லாம் சைக்கிளில் போனார்கள். ஊர் ஊராகப் பாட்டும் வீதி நாடகமும் போட்டுத்தான் ஆளைச் சேர்த்தார்கள். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. ஆம்பளைங்க நாலு பேர் நின்றால் அந்தத் தெருப் பக்கமே போக மாட்டேன். எப்படியோ இழுத்துக்கொண்டு போய் நாடகத்தில் சேர்த்துவிட்டார்கள். எனக்குக் கொடுத்த வேசம் வட்டிக்காரர். மீசை வைத்து, துண்டு போட்டு, கைரேகை வாங்குகிற வட்டிக்காரர்! எங்கப்பா காதுக்கு விசயம் போயிருச்சு. "கூத்தாடிச்சி ஆகப் போறியா"ன்னு கேட்டு, ரெண்டு நாள் என்கிட்ட பேசவே இல்லை. மூணாவது நாள் எங்க ஊர்லயே நாடகம். அவரும் கூட்டத்தோட கடைசியில நின்னு பாத்தார். ஒண்ணும் சொல்லலை, ஆனா ராத்திரி எனக்குச் சோறு எடுத்து வைக்கச் சொல்லி எங்கம்மாகிட்ட சொன்னார்.

அந்த மீசைக்குள் இருந்து பேசிப் பழகிய வாய்தான் அப்புறம் பேங்க் மேனேஜர் முன்னால் பேசியது. "உங்களுக்கெல்லாம் எதுக்கும்மா லோன்"னு ஒருத்தர் கேட்டப்ப, எழுந்து நின்னு பதில் சொன்னேன். எட்டாவது வரைக்கும் படிச்ச எனக்கு அதைப் பள்ளிக்கூடம் சொல்லித் தரலை.

சரி, கணக்காளர் தங்கச்சி கேட்ட கேள்விக்கு வருவோம். இதனால் மார்க் வருமா?

இதில் பொய் சொல்லி விற்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். "வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு மோசார்ட் இசை போட்டுக் காட்டுங்கள், அறிவாளியாகப் பிறக்கும்" என்று சி.டி. விற்றார்கள், இப்போது போனிலேயே வருகிறது. அது எங்கிருந்து கிளம்பியது தெரியுமா? 1993ல் அமெரிக்காவில் கலிபோர்னியாவில் ஒரு சோதனை நடந்தது. கல்லூரி மாணவர்களுக்குப் பத்து நிமிடம் மோசார்ட் இசையைக் கேட்கக் கொடுத்துவிட்டு, காகிதத்தை மடித்து வெட்டினால் எப்படி வரும் என்பது போன்ற கணக்குகளைக் கொடுத்தார்கள். கொஞ்சம் நன்றாகச் செய்தார்கள். அந்தப் பலன் பத்துப் பதினைந்து நிமிடம்தான் நின்றது. கைக்குழந்தையை வைத்து அந்தச் சோதனை நடக்கவே இல்லை. பிறகு வேறு ஆட்கள் செய்து பார்த்தபோது அந்த அளவுகூடச் சரியாக வரவில்லை. ஆனால் வியாபாரம் மட்டும் நிற்கவில்லை. அந்தக் காசுக்கு நாலு முட்டை வாங்கிக் கொடுங்கள்.

பிள்ளை தானே பாடினால், தானே வாசித்தால் என்ன ஆகும் என்று முறையாகப் பார்த்தவர் கனடா நாட்டில் டொராண்டோவில் இருந்த கிளென் ஷெல்லன்பெர்க் என்ற பேராசிரியர். 2004ல் அவர் ஆய்வு வெளிவந்தது. ஆறு வயதுப் பிள்ளைகள் 144 பேர். நாலு பிரிவாகச் சீட்டுக் குலுக்குகிற மாதிரி பிரித்தார். ஒரு பிரிவுக்குக் கீபோர்டு, ஒரு பிரிவுக்கு வாய்ப்பாட்டு, ஒரு பிரிவுக்கு நாடகம், நாலாவது பிரிவுக்கு அந்த வருடம் எதுவும் இல்லை. ஒரு வருடம் கழித்து அறிவுத்திறனை அளந்தார்கள். நாலு பிரிவுக்குமே மதிப்பெண் கூடியிருந்தது, பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருடம் இல்லையா. பாட்டும் கீபோர்டும் கற்ற பிள்ளைகளுக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகம் கூடியது. கொஞ்சம்தான், பெரிதாகச் சொல்லக் கூடாது. நாடகப் பிள்ளைகளுக்கு அந்தக் கூடுதல் இல்லை. ஆனால் மற்றவர்களோடு ஒத்துப் பழகுவதில் அவர்கள் மட்டும் முன்னேறியிருந்தார்கள்.

ஆகவே, பாட்டுக் கற்றுக்கொடுத்தால் கணக்கில் நூறு வாங்கும் என்று நான் சொல்ல மாட்டேன். பாட்டு பாட்டுக்காகவே வேணும். தாளம் போடும்போது ஒரு பிள்ளை தன் முறைக்காகக் காத்திருக்கப் பழகுது. கும்மியில் ஒருத்தி தப்பாக் காலெடுத்து வைச்சா வட்டமே கலைஞ்சுரும், அதனால அடுத்தவளைக் கவனிக்கப் பழகுது. நாடகத்தில் மாமியாராகவும் மருமகளாகவும் மாத்தி மாத்தி நடிக்கிற பிள்ளைக்கு ரெண்டு பேர் நியாயமும் தெரியும். நம்மில் எத்தனை பேருக்கு அது தெரியும், சொல்லுங்க!

பாட்டு என்றதும் ஆர்மோனியம் வாங்கணும், வாத்தியாருக்குச் சம்பளம் தரணும்னு நினைக்காதீங்க. நம்ம அப்பாயி, அம்மாயிகளிடம் கிடக்கிறது. நடவுப் பாட்டு, கும்மிப் பாட்டு, ஏற்றப் பாட்டு, ஊஞ்சல் பாட்டு. தாலாட்டில் தாய்மாமன் கொண்டுவந்த சீர் எல்லாம் ஒவ்வொன்றாக வரும். பிள்ளைக்கு அதுதான் முதல் சொந்தபந்த வகுப்பு. இன்றைக்குப் பிள்ளை அழுதால் கையில் போனைக் கொடுக்கிறோம். போன் காட்டினால்தான் ஒரு வாய் சோறு இறங்குகிறது. குறை சொல்லவில்லை, என் பேத்திக்கு நானும் அதைத்தான் செய்தேன். ஒரு நாள் கரண்ட் இல்லை, போனிலும் சார்ஜ் இல்லை. வேறு வழியில்லாமல் எங்கம்மா பாடிய தாலாட்டைத் தேடிப் பிடித்துப் பாடினேன். பாதிக்கு மேல் மறந்துபோச்சு. நானாக ரெண்டு மூணு வரி போட்டு இட்டுக்கட்டினேன். அந்தப் பிள்ளை வாயைத் திறந்துக்கிட்டு என் வாயையே பாத்துச்சு. பாட்டு முடிஞ்சப்பதான் எனக்கு ஒரு சங்கடம். எனக்கே பாதி போச்சுன்னா என் மகளுக்கு என்ன தெரியும்? அவளுக்கு ஒண்ணுமே தெரியலை. நான்தான் சொல்லிக் கொடுக்கலையே.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கோபமும் உண்டு. பள்ளிக்கூட ஆண்டு விழா என்றால் ஒரு சினிமாப் பாட்டைப் போட்டு, ஆறு வயதுப் பிள்ளையை இடுப்பை ஆட்ட விடுகிறோம். டி.வி.யில் நடக்கிற போட்டியைப் பார்த்துவிட்டு அதே மாதிரி ஆடச் சொல்கிறோம். பெரியவர்களுக்கு எழுதிய பாட்டுக்குப் பெரியவர்கள் மாதிரி பிள்ளை முகத்தைக் காட்டுகிறது, நாம் கைதட்டுகிறோம். இப்படிச் செய்யாதீர்கள் என்று 2019 ஜூன் மாதம் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகமே டி.வி. சேனல்களுக்கு அறிவுரை அனுப்பியது. சேனலுக்குச் சொன்னது நமக்கும் சேர்த்துத்தான். அப்புறம் அந்த உடுப்பு! ஒரு நாள் போடுகிற ஜிகினா உடுப்புக்கு எண்ணூறு, ஆயிரம். எங்கள் குழுவில் மருத்துவச் செலவு என்று உள்கடன் வாங்கி டான்ஸ் டிரஸ் வாங்கியவர் உண்டு. பெயர் சொல்ல மாட்டேன், அவரே இப்போது சிரிக்கிறார். காசு கட்ட முடியாத பிள்ளை ஆட்டத்தில் சேர முடியாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கும் பாருங்கள், அந்த முகத்தை ஆண்டு விழா வீடியோவில் யாரும் எடுப்பதில்லை.

இன்னொரு பக்கம், ஆட்டம் என்றாலே கேவலம் என்று நினைக்கிறவர்களும் நம்மில் உண்டு. "ஆடுறவ" என்று திட்டாகவே சொல்கிறோம். அதற்கும் ஒரு பழைய காரணம் இருக்கிறது. ஆடுகிற பெண்களைப் பொட்டுக் கட்டிவிட்டு, கலையையும் வாங்கிக்கொண்டு அவர்களையும் சீரழித்த காலம் இருந்தது. நம் புதுக்கோட்டையில் 1886ல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மா, அந்தக் குலத்தில் பிறந்த ஒரு தாயின் மகள். பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்கச் சட்டசபையில் போராடினார். 1947ல் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் வந்தது. அதே ஆட்டத்தைத்தான் இன்று பரதநாட்டியம் என்று எல்லா வீட்டிலும் பெருமையாகக் கற்கிறார்கள். தப்பு ஆட்டத்தில் இல்லை, ஆட வைத்தவர்களிடம் இருந்தது.

பறைக்கும் இதே கதிதான். எங்கள் மரத்தடியில் ஒரு பையன் தப்பு கொண்டுவந்து அடித்துக் காட்டினான். மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் கை பரபரத்தது. அடுத்த வாரம் நாலு பிள்ளை வரவில்லை. ஏன்னு கேட்டா, "அதையெல்லாம் எங்க பிள்ளை தொடாது"ன்னு ஒரு அம்மா சொன்னாங்க. ஒரே குழுவில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சேமிப்புப் போடுகிறோம், ஒரே டம்ளரில் டீ குடிக்கிறோம், தப்பைத் தொட்டால் மட்டும் ஒட்டிக்கொள்ளுமா? அன்றைக்கு நான் சண்டை போடவில்லை. திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழு என்று இருக்கிறது. தலித் பெண்பிள்ளைகளே பறையைக் கையில் எடுத்து வெளிநாடு வரைக்கும் போய் ஆடி வந்த குழு. அவர்கள் ஆடிய வீடியோவைக் கூட்டத்தில் போட்டுக் காட்டினேன். மதுரை மாவட்டம் அலங்காநல்லூர் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025ல் பத்மஸ்ரீ விருது அறிவிச்சப்ப, பேப்பரைக் கொண்டுபோய் அந்த அம்மாகிட்டயே படிக்கக் கொடுத்தேன். அவங்க பேரன் இப்ப வர்றான். தப்பைத் தொடலை இன்னும், பக்கத்துல உக்காந்து கைத்தாளம் போடுறான். போகட்டும், வரும்.

பொழைப்புக்கு ஆகுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் புதுக்கோட்டை மண்ணில் இசைக்குப் பஞ்சம் இருந்ததில்லை. கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர் என்று போற்றப்படுகிற மான்பூண்டியா பிள்ளை இங்கே இருந்தவர். விளக்குத் தூக்குகிற வேலை பார்த்தவர் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நாடகத் தந்தை சங்கரதாஸ் சுவாமிகள் அவரிடம் தாளம் கற்றார். 1918ல் சுவாமிகள் மதுரையில் சிறுவர்களை மட்டும் வைத்து ஒரு நாடக சபை தொடங்கினார். டி.கே.சண்முகம் அண்ணாச்சி ஆறு வயதில் அதில் சேர்ந்தவர். பிறகு வந்த பாய்ஸ் கம்பெனிகளில்தான் எம்.ஜி.ஆர்., சிவாஜி எல்லாம் வளர்ந்தார்கள். ஆனால் அந்தப் பிள்ளைகள் வீட்டை விட்டு, பள்ளிக்கூடத்தை விட்டு, அடியும் பசியுமாக வளர்ந்தவர்கள். ஒரு சிவாஜி வந்தார், பேர் தெரியாமல் போன பிள்ளைகள் எத்தனையோ. அதனால் "என் பிள்ளையை டி.வி.க்கு அனுப்பி சம்பாதிக்க வைக்கணும்" என்ற எண்ணத்தோடு யாரும் இதில் இறங்காதீர்கள்.

நிஜமாகவே ஆர்வம் இருக்கிற பிள்ளைக்கு வழி இருக்கிறது. அரசு மாவட்ட இசைப்பள்ளிகளில் குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் மூன்று வருடம் சொல்லிக் கொடுக்கிறார்கள். கட்டணம் மிகக் குறைவு. புதுக்கோட்டையிலும் இருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு அரசு கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றம் இருக்கிறது, சனி ஞாயிறு வகுப்பு. விவரம் கேட்டு யாராவது ஒருவர் போய் வந்தால் மற்றவர்களுக்குச் சொல்லலாம். டவுனுக்குப் பஸ் செலவு இருக்கு, தெரியும். ரெண்டு மூணு பிள்ளையா சேர்ந்து ஒரு அம்மா கூட்டிப் போகலாம்.

பள்ளிக்கூடத்தையும் விடக் கூடாது. 2022-23 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடத்தத் தொடங்கினார்கள். மாநில அளவில் ஜெயித்த பிள்ளைகளுக்குக் கலையரசன், கலையரசி என்று பட்டம். சந்தோசம். ஆனால் போட்டிக்குப் போவது பள்ளிக்கு நாலு பிள்ளை, பத்துப் பிள்ளை. மீதிப் பிள்ளைகளுக்கு? கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூணு பங்கு பெற்றோர்தான், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். இங்கே இருக்கிறவர்களில் அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறீர்கள், கையைத் தூக்குங்கள் பார்ப்போம். ஒன்று, இரண்டு... ஒன்பது பேர். போதுமே! அடுத்த கூட்டத்தில் காம்பவுண்டுச் சுவர், கக்கூஸ் பேசி முடித்ததும் ஒரு கேள்வி கேளுங்கள். கால அட்டவணையில் பாட்டு, கலை என்று போட்டிருக்கிற பீரியடு நிஜமாக நடக்கிறதா, அல்லது கணக்குக்கும் இங்கிலீசுக்கும் போய்விடுகிறதா? சண்டையாகக் கேட்காதீர்கள், ஆசிரியர்களுக்கும் வேலை நெருக்கடி இருக்கிறது. "எங்கள் ஊர் அம்மாயி ஒருத்தர் வந்து பிள்ளைகளுக்குக் கும்மி சொல்லித் தரட்டுமா?" என்று கேளுங்கள். பல ஹெட்மாஸ்டர் சந்தோசமாகச் சரி என்பார்.

நம்ம மரத்தடி வகுப்பை எப்படி நடத்துறோம்னு கேக்குறீங்க, சுருக்கமாச் சொல்றேன். வாரம் ஒரு மணி நேரம். சேமிப்புக் கூட்டம் நடக்கிற அதே நேரம், அதே இடம். செலவு பூஜ்யம். பையன்களும் கும்மி ஆடணும், பொண்ணுகளும் தாளம் போடணும், அதில் மட்டும் நான் கறார். உடுப்பு கிடையாது, பரிசு கிடையாது. யாரையும் முன்னால் நின்று பாடு பாடு என்று நச்சரிப்பதில்லை. திக்கித் திக்கிப் பேசுகிற பையன் ஒருத்தன் நாலு மாதம் மரமாகவே நடித்தான். கையைத் தூக்கிக்கொண்டு நிற்பான், காத்தடித்தால் ஆடுவான். அவ்வளவுதான் வேசம். அஞ்சாவது மாதம் அந்த மரம் ஒரு வசனம் பேசியது. திக்குதல் போய்விட்டதா என்றால் இல்லை, இப்பவும் திக்கும். ஆனா பேசுறான். கடைக்குப் போய் சாமான் கேட்டு வாங்கிட்டு வர்றான்.

அந்த "அம்மா இல்ல"ன்னு சொன்ன பொண்ணைப் பற்றி வெளியில் பார்க்கிறவர்கள் இன்னும் கேட்கிறார்கள். ப்ளஸ் டூ முடித்து நர்சிங் படிக்கிறது. அதன் அம்மா இப்போது எங்கள் குழுவின் இரண்டாம் பிரதிநிதி. நிலுவைக் கணக்கு அவங்க கையில்தான் இருக்கு.

கடைசியாக ஒரு வேலை. இந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு எண்பது வயது ஆன ஒரு அப்பாயி எங்கள் மண்டபத்துக்கு வருகிறார்கள். அவர்களுக்குத் தெரிந்த நடவுப் பாட்டையெல்லாம் பாடச் சொல்லி, ரெண்டு பிள்ளைகள் நோட்டில் எழுதப் போகிறார்கள், போனிலும் பதியப் போகிறார்கள். பக்கத்து ஊர்க் குழுக்களும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரலாம். அந்த அம்மாவுக்கு நடக்க முடியாது, ஆட்டோ வைக்கணும். பாடுவதற்கு முன்னால் கொழுந்து வெத்தலை வேணும்னு கண்டிசன் போட்டிருக்காங்க. ஆட்டோவுக்கு நான் தர்றேன். வெத்தலைக்கு யார் தர்றீங்க?